தக்காளியைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், சூப்பை வையுங்கள்! தெரியுமா?

ஏப்ரல் பிறந்தால் சூரியன் இலங்கையின் உச்சியில் வந்து நிற்கும். கண்டிக்கு நேர் மேலே அது வருவது ஏறக்குறைய 8ஆம் திகதி. மலைக்காற்றை நம்பி வாழும் ஊரே அப்போது மின்விசிறியைத் தேடும். அந்த நேரத்தில் போய் "சூப் குடிக்கிறீர்களா?" என்று யாரிடமாவது கேட்டால் முறைப்பார்கள். ஆனால் கொதிக்கவே வைக்காமல், தோட்டத்துத் தக்காளியைப் பச்சையாக அரைத்து, சில்லென்று ஆக்கிக் குடிக்கும் சூப் ஒன்று இருக்கிறது! அந்த ஒரு கோப்பைக்குப் பின்னால் ஒரு போர், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, ரீங்காரமிடும் தேனீ, விண்வெளியில் தொலைந்த பழம், நாக்கு நம்மை ஏமாற்றும் வித்தை என்று எத்தனை அதிசயங்கள்! கரண்டியைக் கையில் எடுக்கும் முன் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

தக்காளியே இல்லாத தக்காளி சூப் தெரியுமா?

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா என்றொரு பிரதேசம். அங்குள்ள செவில், கோர்டோபா நகரங்களில் கோடை வந்தால் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் வயலில் நின்ற கூலியாட்களின் உணவுதான் 'கஸ்பாச்சோ'. காய்ந்த பாண், வெள்ளைப்பூண்டு, உப்பு, ஒலிவ் எண்ணெய், வினாகிரி, தண்ணீர். இவற்றை உரலில் இடித்துக் கரைத்தால் வேலை முடிந்தது. இதில் தக்காளி எங்கே என்கிறீர்களா? இல்லவே இல்லை! இன்று உலகமே சிவப்புச் சூப்பாக அறிந்திருக்கும் கஸ்பாச்சோ, பல நூற்றாண்டுகள் வெள்ளைச் சூப்பாகத்தான் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி வந்து, மக்கள் அதற்குப் பழகி, பல தலைமுறை கழிந்த பிறகுதான் நிறம் மாறியது. மாலகா நகரில் பாதாம் பருப்பை அரைத்துச் செய்யும் 'அஹோ பிளாங்கோ' அந்தப் பழைய வெள்ளை வம்சத்தின் வாரிசு. கோர்டோபாவில் பாணை அதிகம் சேர்த்துக் கெட்டியாகச் செய்வதன் பெயர் 'சல்மோரேஹோ'.

அடுப்பில்லாத குளிர்ச்சி தமிழருக்கு மட்டும் புதிதா என்ன? கொங்கு நாட்டில் பச்சைப்புளி ரசம் வைப்பார்கள். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் சீரகமும் நசுக்கிப் போட்டு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். கொதிக்க வைப்பதே இல்லை! அந்தலூசியா உழவனும் கொங்கு உழவனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் வெயிலுக்கு இருவரும் கண்ட மருந்து ஒன்றே.

நஞ்சென்று ஒதுக்கிய பழம் தெரியுமா?

தக்காளியின் காட்டு முன்னோர்கள் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கத்தைச் சேர்ந்தவை. அதைத் தோட்டப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். 1521இல் அஸ்தெக் தலைநகர் ஸ்பானியர் கைக்குப் போனதும், தக்காளி கப்பலேறி ஐரோப்பா சென்றது. 1544இலேயே இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் வட ஐரோப்பியர் நெடுங்காலம் வாயில் வைக்கவில்லை. நஞ்சுச் செடிகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்த பழம் அல்லவா, பயந்தார்கள்! அழகுக்காகச் சாடியில் வளர்த்துவிட்டுப் பழத்தை விட்டுவிட்டார்கள்.

பயம் தீர்ந்ததும் வழக்கு வந்தது. அமெரிக்காவில் அன்று இறக்குமதிக் காய்கறிக்கு வரி, பழத்துக்கு வரியில்லை. தக்காளி எந்தப் பக்கம்? 1893இல் உச்சநீதிமன்றமே கூடித் தீர்ப்புச் சொன்னது. தாவரவியல்படி அது பழமாக இருக்கலாம், ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டோடு உண்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாக அல்ல, ஆகவே காய்கறி, வரியைக் கட்டு!

2012இல் விஞ்ஞானிகள் தக்காளியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். அதில் இருந்தவை ஏறக்குறைய 35,000 மரபணுக்கள். நமக்கு இருப்பது எவ்வளவு தெரியுமா? சுமார் 20,000! அந்த ஆய்வில் இந்திய விஞ்ஞானிகளுக்கும் பங்குண்டு.

போர்க்களத்தில் தக்காளி தெரியுமா?

பேராதனைத் தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது மகாவலி. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது கன்னொறுவை. 1638 மார்ச் 28ஆம் திகதி, இரண்டாம் இராஜசிங்க மன்னனின் படை போர்த்துக்கேயப் படையைச் சுற்றி வளைத்து அழித்த இடம் இதுதான். போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ அங்கேயே மடிந்தார். கண்டி இராச்சியத்தோடு போர்த்துக்கேயர் பொருதிய கடைசிப் பெரும் போர் அது.

இன்று அதே மண்ணில் நடப்பதும் ஒரு போர்தான், ஆனால் எதிரி பாக்டீரியா! இலங்கை விவசாயத் திணைக்களத்தின் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில்தான் இருக்கிறது. திலின, ரஜித, பாத்திய, மஹேஷி என்று நம் விவசாயிகள் பெயர் சொல்லி வாங்கும் தக்காளி இனங்கள் திணைக்களம் வெளியிட்டவை. ஐரோப்பியக் கப்பல்களால் உலகம் சுற்றிய பயிரை, ஐரோப்பியப் படை தோற்ற இடத்தில் வைத்து நம் மண்ணுக்கேற்ப மாற்றுகிறார்கள். சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு!

அதே கன்னொறுவையில் 1988இல் ஜப்பானின் உதவியோடு தாவர மரபணு வள நிலையம் ஒன்றும் எழுந்தது. இலங்கைப் பயிர்களின் விதைகளை அங்கே குளிர் அறைகளில் பாதுகாக்கிறார்கள். உலர்ந்த விதைக்குக் குளிர் நல்லது. ஆயுள் கூடும். ஆனால் பழத்துக்கு? அங்கேதான் கதை தலைகீழாகிறது. சற்றுப் பொறுங்கள், வருகிறோம்.

கத்தரி வேரில் தக்காளி காய்க்கும், தெரியுமா?

நேற்று வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி இன்று காலையில் தலை தொங்கிக் கிடக்கும். இலை மஞ்சளாகவும் இல்லை, பூச்சியும் இல்லை. தண்ணீர் ஊற்றினாலும் எழும்பாது. இதுதான் பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்னும் கிருமி மண்ணிலிருந்து வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் மண் அதற்குச் சொர்க்கம்.

வாடிய செடி இந்த நோயால்தான் விழுந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை தண்ணீரில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்தச் செடியை மண்ணோடு தோண்டி அகற்றுங்கள். அதே இடத்தில் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், கிருமிக்கும் உறவினர் வீடு!

விஞ்ஞானிகள் கண்ட தப்பிக்கும் வழி என்ன தெரியுமா? ஒட்டுக்கட்டுதல்! நோயைத் தாங்கும் கத்தரி இனத்தின் நாற்றை வேராக வைத்து, அதன் மேல் தக்காளி நாற்றைச் செருகி ஒட்டுகிறார்கள். கீழே கத்தரி, மேலே தக்காளி. தண்ணீர் தேங்கினாலும் கத்தரி வேர் தாக்குப்பிடிக்கும். சூப்புக்கு வரும் பழத்தில் கத்தரி ருசி துளியும் இருக்காது.

மண்ணில் கிருமி இருக்குமோ என்று பயமா? தொட்டியும் பையும் இருக்கவே இருக்கின்றன. லயத்து வாசலில் பழைய உரப்பையில் மண்ணும் சாணமும் நிரப்பித் தக்காளி வளர்க்கும் தாய்மார்களைத் தெல்தோட்டை, கலஹா பக்கம் போனால் பார்க்கலாம். நோயில்லாத மண்ணைப் பையில் போட்டால் அதுவே ஒரு கோட்டை!

கண்டியின் இரவுக்குத் தக்காளி மயங்கும், தெரியுமா?

தக்காளிக்குப் பகல் வெயில் பிடிக்கும். இரவுப் புழுக்கம் பிடிக்கவே பிடிக்காது! இரவு வெப்பம் 21, 22 பாகைக்கு மேல் தொடர்ந்து நின்றால் மகரந்தம் பலவீனமாகும், பூ காயாகாமல் உதிரும். கடற்கரை ஊர்களில் வெப்ப மாதங்களின் இரவுகள் 25 பாகையைத் தாண்டும். கண்டியோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே இரவு பெரும்பாலும் 18க்கும் 22க்கும் இடையில்தான். யாழ்ப்பாணத்தான் மார்கழிக் குளிருக்குக் காத்திருந்து தக்காளி போட, கண்டிக்காரன் அந்த வசதியை ஆண்டின் பெரும்பகுதி அனுபவிக்கிறான்.

நிறத்திலும் ஒரு மர்மம். தக்காளியைச் சிவப்பாக்குவது லைகோபீன் என்னும் நிறமி. 20 முதல் 25 பாகைக்குள் அது நன்றாக உருவாகும். 30 பாகையைத் தாண்டினால் அதன் உற்பத்தி தடைப்படும். மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். கொளுத்தும் வெயிலில் செடியிலேயே விட்ட பழம் ஏன் செம்மஞ்சளாகவே நிற்கிறது என்று இப்போது புரிகிறதா? பழத்தின் அடிப்பக்கம் இளஞ்சிவப்புக் காட்டியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கண்டி வீட்டின் சமையலறை வெப்பமே அதைப் பழுக்க வைக்கப் போதும். ஜன்னல் வெயில் தேவையே இல்லை! அவசரமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு கடதாசிப் பையில் மூடுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு தக்காளியையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும்.

தேனீயால் முடியாதது வண்டால் முடியும், தெரியுமா?

தக்காளிப் பூவின் மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது. குழாய் போன்ற பைக்குள் ஒளிந்திருக்கும். நுனியில் சிறு துவாரம்தான் வழி. தேன் கூடு கட்டும் நம் தேனீக்கு அதை எடுக்கத் தெரியாது! ஆனால் மரத்தைத் துளைக்கும் கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை கொண்ட காட்டுத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே உடல் தசையை மட்டும் அதிர வைத்து 'ர்ர்ர்' என்று ஒலி எழுப்பும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று உதிரும். இரண்டும் இலங்கையில் உண்டு. பலா, மிளகு, கராம்பு, கமுகு என்று அடுக்கடுக்காக மரங்கள் நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. பட்ட மரக்கொம்பும் பூச்செடியும் உள்ள தோட்டம் இந்தப் பூச்சிகளுக்குப் பிடித்தமான வாசஸ்தலம்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வண்டு வராதா? கவலை வேண்டாம். தக்காளி தன் பூவுக்குள்ளேயே கருவுறும் இனம். காலை பத்து மணியளவில் பூங்கொத்தை விரலால் இலேசாகச் சுண்டிவிட்டால் போதும். நீங்களே வண்டு!

கையில் பச்சைக் கறை ஏன் தெரியுமா?

தக்காளிச் செடியைத் தொட்டாலே கையில் ஒரு வாசனை ஏறும். கழுவினால் மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீர் வரும். இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களின் வேலை அது. பூச்சியை விரட்டச் செடி தயாரிக்கும் ஆயுதம்! சந்தையில் "தோட்டத்து வாசம்" என்று நாம் முகர்வது பெரும்பாலும் பழத்தின் வாசம் அல்ல, காம்பின் வாசம். கண்டிச் சந்தையில் காம்போடு இருக்கும் பழத்தை முகர்ந்து ஏமாறாதீர்கள். கனத்தைப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிக் கனக்கும் பழமே சாறு நிறைந்தது. தக்காளியில் சுமார் 95 வீதம் தண்ணீர்தானே!

தக்காளியைப் பிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா?

இதோ, பொறுத்திருக்கச் சொன்ன கதை! 2016இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பழுத்த தக்காளியை 5 பாகைக் குளிரில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். சீனியும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. ஆனால் வாசனைப் பொருள்கள் சரிந்துவிட்டன! வெளியே எடுத்து அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தும் பழைய வாசம் திரும்பவில்லை. காரணம் இன்னும் வியப்பு. வாசனையைத் தயாரிக்கும் மரபணுக்களின் மேல் குளிர் ஒரு வேதிப் பூட்டைப் போட்டுவிடுகிறது. பழம் பறித்த பின்னும் உயிரோடுதான் இருக்கிறது. குளிர் பட்டதும் அந்த உயிர் வாசனை செய்வதை நிறுத்திக்கொள்கிறது.

அப்படியானால் குளிர்ந்த சூப் எப்படி மணக்கும்? இங்கேதான் சூட்சுமம்! தக்காளியின் பச்சை வாசனையில் ஒரு பெரும் பங்கு பழத்துக்குள் முன்கூட்டியே இருப்பதில்லை. வெட்டும்போதும் அரைக்கும்போதும் உயிரணுக்கள் உடைந்து, நொதிகளும் கொழுப்பும் கலந்து, அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. ஆகவே அறை வெப்பத்தில் இருந்த பழத்தை அரைத்து, வாசனை பிறந்த பிறகு குளிர வைத்தால் வாசம் கோப்பையில் தங்கும். குளிர்ந்த பழத்தை அரைத்தால் சிவப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சூப்பின் வெற்றியும் தோல்வியும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

தூக்கி எறியும் வழுவழுப்பில்தான் ருசி, தெரியுமா?

பல வீடுகளில் சூப்புக்குத் தக்காளியை வெட்டி, விதையையும் அதைச் சுற்றிய வழுவழுப்பையும் வழித்து எறிந்துவிடுவார்கள். ஐயோ, வேண்டாம்! 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து ஐந்தாவது சுவையைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் உமாமி. இறைச்சிச் சாறு, மாசிக்கருவாடு இவற்றில் நாக்கை இழுப்பது அதுதான். 2007இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு, தக்காளியின் சதையைவிட விதையைச் சுற்றிய வழுவழுப்பில்தான் அந்தச் சுவைக்குரிய குளுட்டமேட் அதிகம் என்று காட்டியது. விதை பிடிக்காவிட்டால் அரைத்த பின் வடிகட்டுங்கள். வழுவழுப்பு மட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது.

குளிரில் நாக்குத் தூங்கும், தெரியுமா?

சூடாக இருக்கும்போது அளவான இனிப்போடு இருந்த பாயாசம், பிரிட்ஜில் வைத்தால் இனிப்புக் குறைந்தது போல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சீனி எங்கும் போகவில்லை. 2005இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டார்கள். இனிப்பை மூளைக்குச் சொல்லும் சுவை அணுக்களில் ஒரு வாயில் இருக்கிறது. 15 பாகைக்குக் கீழே அது மந்தமாகிவிடும். வெப்பம் ஏற ஏறச் சுறுசுறுப்பாகும். ஆகவே குளிர்ந்த சூப்பை அரைத்ததும் ருசி பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நிறுத்தினால் குடிக்கும்போது சப்பென்றிருக்கும். அறை வெப்பத்தில் ஒரு மாற்றுத் தூக்கலாக உப்பும் புளிப்பும் வையுங்கள். குளிர்ந்த பின் இன்னொரு தடவை ருசி பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் இங்கே வில்லன், தெரியுமா?

எதற்கும் தேங்காய் எண்ணெய் என்று பழகிய கை, இதற்கும் அதைத்தான் தேடும். ஆபத்து! தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறைந்துவிடும். கண்டியின் குளிர்ந்த காலையில் போத்தலுக்குள்ளேயே அது வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்ஜில் இருக்கும் சூப்பில் அது மெழுகுத் துணுக்குகளாகிப் பல்லில் ஒட்டும். ஒலிவ் எண்ணெய் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நல்லெண்ணெய் உறையாது. ஆனால் மணம் கடுமை, அளவில் பாதி போதும். தேங்காய்ச் சுவைதான் வேண்டுமென்றால் பரிமாறும் நேரத்தில் தேங்காய்ப்பாலை மேலே ஊற்றுங்கள்.

பழைய பாண் ஏன் தெரியுமா?

பச்சைத் தக்காளிச் சாற்றை ஒரு மணி நேரம் வையுங்கள். கீழே மஞ்சள் தண்ணீர், மேலே சிவப்புக் கூழ் என்று பிரிந்துவிடும். தக்காளிக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டினைப் பழத்தின் சொந்த நொதிகளே உடைத்துவிடுவதால் வரும் வினை இது. கெட்சப் தொழிற்சாலைகளில் நறுக்கிய தக்காளியை உடனே 85 பாகைக்கு மேல் சூடாக்கி நொதிகளைக் கொன்றுவிடுகிறார்கள். நாம் சூடாக்கப் போவதில்லை. அப்படியானால்? நேற்று வாங்கிய றாத்தல் பாணில் மிஞ்சிய துண்டு கைகொடுக்கும்! அதன் மாச்சத்து தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். அந்தலூசியாவின் ஏழை உழவன் காய்ந்த பாணை வீணாக்காமல் இருக்கச் செய்த சிக்கனம், சூப்பைப் பிரியாமல் காக்கும் விஞ்ஞானமாக இருந்திருக்கிறது!

சரி, எப்படிச் செய்வது தெரியுமா?

நாலைந்து பேருக்கு அளவு இது. நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோ, ஓரம் நீக்கிய பழைய பாண் 2 துண்டு, சிறிய வெள்ளரிக்காய் 1, கறிமிளகாய் 1, வெள்ளைப்பூண்டு 1 பல், சின்னச்சீரகம் அரைத் தேக்கரண்டி, ஒலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தென்னை வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. காரம் விரும்புவோர் பச்சை மிளகாய் பாதி.

முதலில் தோல். தக்காளியின் அடியில் கத்தியால் சிறு கீறல் போட்டு, கொதித்த தண்ணீரில் அரை நிமிடம் விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். தோல் தானாகக் கழன்று வரும். பழத்தின் உள்ளே சூடு போகாது. பிறகு பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பைத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். உப்பு சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாற்றிலேயே பாணைப் பிய்த்துப் போட்டு ஊறவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை!

வறுத்துப் பொடித்த சீரகம், பூண்டு, நறுக்கிய வெள்ளரி, விதை நீக்கிய கறிமிளகாய் எல்லாம் சேர்த்து பிளெண்டரில் மையாக அரையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயை நூலாக ஊற்றுங்கள். சிவப்பு மெல்ல மெல்லச் செம்மஞ்சளாக வெளுப்பதைக் காண்பீர்கள். எண்ணெய் நுண் துளிகளாகிக் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வினாகிரியைக் கடைசியில் சேருங்கள். மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்கைவிட உலோகம் விரைவில் குளிரும்.

அவசரத்தில் ஐஸ் கட்டி போட்டால் சூப் தண்ணீராகிவிடும். ஒரு கோப்பை சூப்பையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அந்தச் சிவப்புக் கட்டிகளை மிதக்கவிடுங்கள்! மேலே பொடியாக நறுக்கிய வெள்ளரி, சின்ன வெங்காயம், இரண்டு கொத்தமல்லி இலை. எண்ணெய் வேண்டாம் என்போர் எருமைப்பால் சட்டித் தயிரில் அரைக் கோப்பை எடுத்து அடித்துச் சேர்க்கலாம். எருமைப்பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. எண்ணெய் தரும் வழவழப்பைத் தயிரே தந்துவிடும்.

கொதிக்காத சூப்புக்கு ஒரு சட்டம் உண்டு, தெரியுமா?

கொதிக்கும் சூப்பில் கிருமி தானே சாகும். இதில் அந்தக் காவல் இல்லை! ஆகவே தக்காளியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டி வந்தால் கொதித்தாறிய நீர் மட்டும். ஐஸுக்கும் அதே விதி. மீன், இறைச்சி வெட்டிய பலகையில் தக்காளியை வைக்கவே வேண்டாம். "தக்காளிதான் புளிப்பாயிற்றே, கெடாது" என்று நினைப்பவர்களும் உண்டு. நன்றாகப் பழுத்த பழத்தில் அந்தப் புளிப்புக் குறைந்துவிடும், அதை நம்பி வெளியே வைக்கக் கூடாது. செய்த சூப்பை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மருந்தடித்த தோட்டமென்றால் போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள்.

கண்டிக்கு ஐஸ் கிடைத்த காலம் தெரியுமா?

கோடையில் குளிர்பானம் என்றாலே நினைவுக்கு வரும் யானைச் சின்ன நிறுவனத்தின் தொடக்கம் 1866இல் ஆரம்பித்த கொழும்பு ஐஸ் கம்பெனி! மறு ஆண்டே, 1867இல், கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அன்றைய வீடுகளில் குளிர்ச்சி என்றால் மண்பானைதான். பானையின் நுண் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகும். காற்று உலர்ந்திருந்தால் பானை நன்றாகக் குளிரும், ஈரமாக இருந்தால் சோம்பும். மழைக்காலக் கண்டியைவிட பங்குனி வெயில் கண்டியில் பானைத் தண்ணீர் சில்லென்றிருப்பதற்கு இதுவே காரணம்.

விண்வெளியில் தொலைந்த தக்காளி தெரியுமா?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைந்த குட்டித் தக்காளியை அமெரிக்க வீரர் பிராங்க் ரூபியோ பறித்தார். மிதந்துபோன பழம் காணாமல் போனது. "நீதான் தின்றுவிட்டாய்" என்று சக வீரர்கள் கேலி செய்தார்கள். பாவம், 371 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு அந்தப் பழியோடேயே பூமிக்கு இறங்கினார். பழம் கிடைத்துவிட்டது என்று 2023 டிசம்பரில் மற்ற வீரர்கள் அறிவித்தார்கள். காய்ந்து சுருங்கியிருந்தது, ரூபியோ நிரபராதி!

விதைக்கும் ஒரு மூடி உண்டு, தெரியுமா?

ஈரமான பழத்துக்குள் இத்தனை நாள் கிடந்தும் விதை ஏன் முளைப்பதில்லை? நாம் சூப்பில் சேர்த்த அதே வழுவழுப்பு விதையைத் தூங்க வைத்திருக்கிறது! அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமென்றால், சூப்புக்கு வெட்டும்போதே நல்ல பழம் ஒன்றின் விதையை ஒரு குவளையில் எடுத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். வழுவழுப்புக் கரைந்ததும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கலப்பின விதையில் வந்த பழமென்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல் இருக்காது. திணைக்களத்தின் கலப்பினம் அல்லாத இனங்களில் அந்தத் தொல்லை இல்லை.

இனிக் கணக்குப் போடுங்கள். விதைத்து நாற்றாக ஏறக்குறைய நான்கு வாரம், நட்ட பின் முதல் பழத்துக்கு 70, 75 நாள். ஏப்ரல் வெயிலுக்குக் குளிர்ந்த சூப் வேண்டுமென்றால் டிசம்பர் நடுவிலேயே விதை போட்டாக வேண்டும். இரண்டு பையில் இரண்டிரண்டு செடி போதும், ஒரு குடும்பத்துக்குக் கோடை முழுவதும் வரும். இந்த டிசம்பரில் போட்டுத்தான் பாருங்களேன்!